பினாங்கிலிருந்து வந்த சவர லோஷன்

என் மகனுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். நீ ஒருநாள் நாகப்பட்டினம் போய்க் கப்பலுக்கு நிற்பாய் என்று, உனக்கு மீசை அரும்புவதற்கு முன்பே, அரியலூர் கடைத்தெருவில் நாலு பேர் காது கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஜப்பான்காரன் தோற்பான் என்றேன், தோற்றான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவான் என்றேன், கட்டினான். கரியில் ஓடுகிற பஸ் ஒழிந்து மறுபடி பெட்ரோல் பஸ் வரும் என்றேன், வந்துவிட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு கம்பவுண்டருக்கு இத்தனை தெரிகிறதே என்று எங்கள் டாக்டரே மூக்கின்மேல் விரல் வைத்திருக்கிறார். சரி, எட்டாவது இல்லை, ஆறாவது. இன்றைக்கு இரண்டு வகுப்பைக் குறைத்துக்கொள்கிறேன். எதற்கென்று போகப்போகத் தெரியும்.

இந்தக் கடிதத்தை டிஸ்பென்சரியின் மருந்து கலக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் வரமாட்டார். உன் பெரியம்மா வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். "எழுதி முடிச்சு, உறைய ஒட்டி, ஜன்னல் வழியா நீட்டுங்க. அப்பறந்தான் கதவு தொறக்கும்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் என்னை அடைத்துப் போட இன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. காரணம் நேற்று வந்த உன் கடிதம்.

அதை மூன்று தடவை படித்தேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த மாதக் கப்பலுக்கு இடம் சொல்லியாகிவிட்டது, திருச்சி ஆபீஸில் லீவும் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பாட்டில் கொண்டுவந்த பாயின் சொந்த ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு நீயே நேரில் போய், அவர் பினாங்கில் கடை வைத்திருக்கும் தெருவின் பெயரையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய். பாயைப் பிடித்துவிட்டால் அப்பா எந்த ரப்பர் தோட்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும், அவரை அழைத்துக்கொண்டுதான் திரும்புவேன், தையில் கல்யாணம் என்றால் அவர் கையால்தான் தாலி எடுத்துக் கொடுக்கவேண்டும், அவர் வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: லோஷன் இரண்டு பாட்டில் கூடுதலாகப் போட்டு அனுப்புங்கள், பெரியப்பா, அப்பா சொல்லி அனுப்பிய முறையில் செய்ததை அப்பாவுக்கே கொண்டுபோய்க் காட்டவேண்டும். அந்த வரியைத்தான் உன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் எண்ணெய் விட்டாள்.

நீ கேட்ட லோஷனைப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் இனிமேல் நீயே செய்துகொள். கல்யாணம் ஆகப்போகிறவன், முகத்துக்குப் பூசுவதற்கு எத்தனை நாள் பெரியப்பனை எதிர்பார்ப்பாய்? வெட்டிவேரில் ஒரு கைப்பிடி எடுத்து, மண் போக அலசி, நிழலில் உலர்த்தி, கத்தரியால் பொடியாக நறுக்கிக்கொள். எலுமிச்சம்பழத் தோலை மேல்வாக்கில் சீவு. உள்ளே இருக்கும் வெள்ளை வந்தால் கசந்து நாறும். இரண்டையும் ஸ்பிரிட்டில் போட்டு, வெயில் படாத இடத்தில் ஆறு நாள் வை. படிகாரத்தைத் தனியாகப் பன்னீரில் கரைக்கவேண்டும். ஸ்பிரிட்டில் போடாதே. அது கரையாது, அடியில் மண்ணாக உட்கார்ந்துகொண்டு உன்னைப் பார்த்துச் சிரிக்கும். பிறகு பன்னீர் முக்கால், ஸ்பிரிட் கால் என்று கலந்தால் பால்போலக் கலங்கும். பயப்படாமல் மல்லுத் துணியில் இரண்டு தடவை வடிகட்டு. கிளிசரின் பத்துச் சொட்டு. பச்சைக் கற்பூரம் கடுகளவு, கடுகளவுதான். பூசும்போது கண்ணை மூடிக்கொள், மூச்சையும் பிடித்துக்கொள். இதைக் கண்டுபிடிக்க நான் எட்டு நாள் ஒரு ஊருக்குள் கிடந்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நீ பார்த்தது பாதி.

உன்னைப் பெற்றவன் என் தம்பி, வளர்த்தவன் நான். உனக்கு எட்டு வயதில் அவன் பினாங்குக்குப் போய் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தான். போன பிறகு ஆளே மாறிவிட்டான். தினம் சவரம், கோடு போட்ட சட்டை. ஒரு போட்டோ அனுப்பினான், அதில் கன்னம் கண்ணாடிபோல மின்னியது. பிறகு சண்டை வந்தது, ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்தான், கடிதம் நின்றுபோயிற்று. உன் அம்மா பூலாம்பாடியில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள். நீ என்னிடம் அரியலூரில் இருந்து படித்தாய். கோடை விடுமுறைக்கு அம்மாவிடம் போவாய். சண்டை முடிந்து வந்த முதல் சித்திரையில், நீ அப்படிப் போயிருந்த சமயத்தில்தான், பாய் வந்தார்.

இந்தப் பாகத்தை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பாய் ஆறரை அடி உயரம் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் என் தோள்வரைக்கும் இருப்பார். கப்பலில் அவரைத் திமிங்கலம் துரத்தியது என்பதும் நான் போட்டதுதான். ஆனால் அவர் வந்தது உண்மை. மருந்து மிக்சர் வாங்க நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு வந்து, "பூலாம்பாடியில பொண்ணு கட்டி பினாங்குக்கு வந்தவரோட அண்ணன், கம்பவுண்டரு, நீங்கதானுங்களா?" என்று கேட்டார்.

"நான்தான். இந்தத் தாலுகாவுக்கே ஒரே கம்பவுண்டர் நான்தான். என்ன வேணும், சொல்லுங்க பாய்."

அவர் கைக்குட்டையைப் பிரித்து அந்தப் பாட்டிலை மேசைமேல் வைத்தார். சதுரமான கனத்த கண்ணாடி, கண்ணாடியிலேயே மூடி, அடியில் ஒரு விரல்கடை அளவுக்குத் தண்ணீர். சவரம் செய்துவிட்டுப் பூசுவது, அங்கே அவரே வீட்டில் செய்துகொள்வார் என்றார் பாய். உங்கள் தம்பி கொடுத்து அனுப்பினார், செய்முறையையும் வாய்வழியாகச் சொல்லி அனுப்பினார், இப்போது உள்நாட்டில் ஏதோ ஒரு தோட்டத்தில் இருக்கிறார், அங்கே தபால் வசதி கிடையாது என்று பாய் சொன்னதாக நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரமே பாய் கப்பல் ஏறித் திரும்பிப் போய்விட்டார். நான் பாய் வந்த அன்றே டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன். வழியில் கரி அணைந்து பஸ் இரண்டு தடவை நின்றது. ஐந்து தடவை என்று முன்பு சொன்னேன். நின்றபோதெல்லாம், இப்படியே நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

பூலாம்பாடிக்குள் கால் வைத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் ஊரே நின்றது. தாகம் எனக்கு. யாரோ ஒரு அம்மாள் கூழை நீட்டினாள், மடமடவென்று குடித்தேன். வாயைத் துடைக்கும்போதுதான் உன் மாமா, உன் அம்மாவின் அண்ணன், என் தோளைத் தட்டினார்.

"வாங்க கம்பவுண்டர் மச்சான். நேரம் பாத்து வந்து மாட்டிக்கிட்டீங்களே."

"என்ன மாட்டிக்கிட்டேன்?"

"காப்புக் கட்டியாச்சு. காப்புக் கூழ் குடிச்சவன் ஆத்தா தேர் நெலைக்கு வர்ற வரைக்கும் எல்லைய தாண்டக்கூடாது. எட்டு நாளைக்கி நீங்க எங்கூரு ஆளு."

"எனக்கு ஆஸ்பத்திரி இருக்குங்க! நூறு நோயாளி காத்துக்கிட்டு கெடக்கான்."

"ஊசிக்குப் பயந்தவன் எட்டு நாளு நிம்மதியா இருக்கட்டும் மச்சான்" என்று பின்னால் ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது. தமுக்கு அடிக்கிறவர் தெருவோடு கூவிக்கொண்டு போனார்: "காப்புக் கட்டியாச்சு சாமியோவ்! வெளியூருல ராத்தங்கப்படாது, சவரம் பண்ணப்படாது, அடுப்புல தாளிக்கப்படாது, எழவு சேதி வாயால சொல்லப்படாது சாமியோவ்!" நான் ஊசிப் பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போனோம். உன் அம்மா கதவோரம் வந்து நின்றாள். வழக்கம்போல அதே கேள்வி. "அவருகிட்ட இருந்து ஏதாச்சும் சேதி உண்டுங்களா மாமா?"

நான் பதில் சொல்வதற்குள் உன் மாமா செம்பைக் கீழே வைத்தார். "சேதியாவது ஒண்ணாவது. சண்ட முடிஞ்சு கப்பலு வந்துகிட்டுத்தான இருக்கு? வரணும்னு இருந்தா வந்திருக்கணுமில்ல? திருவிழா முடியட்டும், பெரியவங்களக் கூப்ட்டு வெச்சு ஒரு முடிவு பண்ணிடுவோம். இப்பிடி ரெண்டுங்கெட்டானா எத்தினி நாளைக்கி இருப்பா?" முடிவு என்றால் என்ன என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய், உனக்கும் தெரியும். உன் அம்மாவின் கை தானாகக் கழுத்துத் தாலிக்குப் போயிற்று.

நான் பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்தேன். "தம்பி குடுத்து அனுப்பிச்சிருக்கான்" என்றேன்.

அவள் அதை வாங்கி, மூடியைத் திருகி, மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். மூடியை மறுபடி இறுக்கி, முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சட்டியைக் காயவைத்து, தாளிக்கக் கடுகை அள்ளிவிட்டாள். பிறகு காப்பு நினைவுக்கு வந்து, கடுகைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

உன் மாமா விடவில்லை. "என்ன மருந்து அது?"

"மருந்தில்லீங்க. சவரம் பண்ணுன மூஞ்சில பூசுறது. தம்பி அவனே செய்யுறான் அங்க."

"செய்முறை தெரியுமா ஒமக்கு?"

"தெரியாமலா? அதையுந்தான் சொல்லி அனுப்பிச்சிருக்கான்."

"அப்ப ஒண்ணு செய்யும். காப்பு அவுக்குறன்னிக்கி ஊரே எட்டு நாளு தாடிய வழிக்கும். எல்லாத்துக்கும் செஞ்சு குடும். மாப்ள அனுப்புனதுன்னு நாங்களும் பூசிப் பாக்குறோம்." அவர் கண் என்னை விடவே இல்லை. நான் பார்த்த ஒரே வழி, சரி என்பதுதான்.

அந்த எட்டு நாளை எப்படிச் சொல்வேன்? ஊரில் பாதிப்பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் பினாங்கைப் பற்றிப் பேசினேன். தெருவெல்லாம் கண்ணாடி என்றேன். குதிரைக்குக்கூட லோஷன் பூசுவார்கள் என்றேன். எவ்வளவுக்கு எவ்வளவு பேசினேனோ அவ்வளவுக்கு அவ்வளவு உன் மாமா நம்பினார். விடிந்ததும் எல்லைக்கல் வரைக்கும் நடப்பேன். கல்லுக்கு அந்தப் பக்கம் அதே புழுதி, அதே வேலிக்காத்தான் செடி. காலைத் தூக்கி வைத்தால் வெளியே. ஆனால் வைக்க முடியாது. கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவேன். முதலில் படிகாரத்தை ஊசிப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டில் போட்டேன், கல்லாக உட்கார்ந்தது. பிறகு வேப்பிலையைப் போட்டேன், அம்மை வார்த்த வீடுபோல மணத்தது. கோயிலுக்கு வந்த பன்னீரில் ஒரு புட்டி, எலுமிச்சை மாலையில் உதிர்ந்த பழம், பூக்கட்டுபவரிடம் வெட்டிவேர் என்று கேட்டதெல்லாம் கொண்டுவந்து கொடுத்தவள் உன் அம்மா. "இம்புட்டு போதுங்களா மாமா? அவரு இன்னும் கூடப் போடுவாருங்களா?" என்று கேட்பாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். அவள் பூ வைத்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எட்டாம் நாள், கலந்ததை அந்தச் சதுரப் பாட்டிலிலேயே ஊற்றலாம் என்று கை நீட்டினேன். "இதுல ஊத்தாதீங்க" என்றாள். அவ்வளவுதான். அதனால்தான் இன்றுவரை நான் செய்வதை டிஸ்பென்சரி மிக்சர் பாட்டிலில், அளவுக் காகிதம் ஒட்டியபடியே உனக்குக் கொடுத்து வருகிறேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, புளியமரத்தடியில் ஊர் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு நாள் தாடியோடு எழுபது ஆண்கள் வரிசையில் நின்றார்கள். இருநூறு என்று முன்பு சொன்னேன். நாவிதர் என் பாட்டிலை வாங்கி முகர்ந்தார், நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தார்.

"கம்பவுண்டர் ஐயா, எங்கிட்ட இருக்குற படிகாரத்தத்தான கரைச்சிருக்கீங்க? கல்லா இருந்தா பூலாம்பாடி, தண்ணியா இருந்தா பினாங்கா?"

"அளவுலதான் இருக்கு சூட்சுமம்" என்றேன்.

முதல் முகம் உன் மாமாவுடையது. படிகாரம் கூடிப்போயிருந்தது. பூசிய கொஞ்ச நேரத்தில் கன்னம் இரண்டும் காய்ந்த தோல்போல இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார், வாய் பாதிதான் திறந்தது. "ஆத்தி, மாமாவுக்குக் காப்பு வாயில கட்டியிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. அன்று முழுக்க முடிவு கிடிவு என்று எந்தப் பேச்சும் அவர் எடுக்கவில்லை. சாயங்காலம், முகம் தளர்ந்த பிறகு, "மாப்ள கெட்டிக்காரன்தான்யா" என்றார். அதோடு முடிந்தது. உன் அம்மாவின் கழுத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் எனக்கு முழுதாக வருத்தம் வரமாட்டேன் என்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கடைசியாக நீ வந்து உட்கார்ந்தாய். முதல் சவரம் உனக்கு. வழிப்பதற்கு அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. நாவிதர், "ராசாவுக்கு வெறுங்கத்தியே போதும்" என்று கேலி செய்தார். நான் தண்ணீர் சேர்த்து இளக்கி, என் கையாலேயே உன் கன்னத்தில் பூசினேன். நீ கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தாய். "அப்பா மேல இந்த வாசனதான் அடிக்குமா பெரியப்பா?" என்று கேட்டாய்.

"இதேதான்" என்றேன்.

அப்போதுதான் என் வாய் பூட்டிக்கொண்டது. திருவிழா முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று எட்டு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது, அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. மறுநாள் உன் அம்மா என்னை எல்லைவரைக்கும் வந்து வழியனுப்பினாள். "அவருக்கு எழுதுறப்ப, பாட்டிலு பத்தரமா இருக்குன்னு எழுதுங்க மாமா" என்றாள். எழுதுகிறேன் என்றேன். கல்லைத் தாண்டி நடந்தேன். மூன்று வருஷம் ஆயிற்று, நான் இன்னும் தாண்டவில்லை. வருகிறவர் போகிறவர் மூலம் உன் அப்பாவுக்குச் சேர்த்துவிடச் சொல்லி அவள் சொல்லச்சொல்ல நான் எழுதிய ஒன்பது கடிதங்கள் இந்த அறையில், விஷ மருந்து வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. அந்த அலமாரியை வேறு யாரும் திறக்கமாட்டார்கள்.

"ஏங்க, அந்த எடத்துக்கு வந்துட்டீங்களா?" என்று வெளியிலிருந்து உன் பெரியம்மா கேட்கிறாள்.

"வந்துகிட்டே இருக்கேன்."

"மூணு வருஷமா வந்துகிட்டேதான் இருக்கீங்க. கீரை ஆஞ்சு முடிச்சாச்சு."

மகனே, பினாங்கில் பாயின் கடைப்படியில் நின்று நீ கேட்கப்போகும் முதல் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை நீ கடல் தாண்டிப் போய், தெரிந்த முகம் ஒன்றும் பக்கத்தில் இல்லாத இடத்தில், என் லோஷனை முகத்தில் பூசிக்கொண்டு கேட்கக்கூடாது. அதற்காகத்தான் இது. கப்பலை விட்டுவிடு. வியாழக்கிழமை காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வா, நான் நிற்கிறேன். இரண்டு பேருமாகப் பூலாம்பாடிக்குப் போவோம். இப்போது அங்கே காப்பு இல்லை, எதையும் சொல்லலாம். பேசவேண்டியவன் நான், நீ உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். உன் மாமாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன். பூவையும் பொட்டையும் வைப்பதும் எடுப்பதும் அவள் இஷ்டம், வேறு யார் வாய் வைத்தாலும் கேட்க நான் இருக்கிறேன். பேசுவதில் என்னை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது, அது மட்டும் பொய் இல்லை. என்மேல் உனக்குக் கோபம் வந்தால், அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வரட்டும். கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்க யாரைக் கூப்பிடுவது என்பதை நீ யோசித்துக்கொள். நான் கேட்கமாட்டேன்.

இந்தக் கதையில் நான் கூட்டியது நிறைய. திமிங்கலம், இருநூறு தாடி, கண்ணாடித் தெரு, எட்டாம் வகுப்பு. அதெல்லாம் போகட்டும். வெட்டிவேரும் படிகாரமும் என் கைவேலை, யாரும் சொல்லி அனுப்பிய முறை இல்லை. அதுவும்கூடப் போகட்டும். பாட்டில் அவனுடையதுதான். உள்ளே இருந்த ஒரு விரல்கடை அவன் பூசியதன் மிச்சம்தான். உன் அம்மா முகர்ந்தது பொய் இல்லை. ஆனால் அன்று டிஸ்பென்சரியில் பாய் மேசைமேல் பாட்டிலை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "காய்ச்சல் கண்டு மௌத்தாயிட்டாருங்க கம்பவுண்டரே. உசுரு போறப்ப இது அவரு தலமாட்டுல இருந்துச்சு, நான்தான் எடுத்து வெச்சேன்." கொடுத்து அனுப்பினான் என்பது நான் சேர்த்தது.